ஏழாவது நிமிடத்தில் வந்த 'இருக்கிறேன்'

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் தேதி காலை பத்து மணிக்கு, நான் ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். ஏறக்குறைய நாற்பது பேருக்குப் போகும். அதில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கும்: நீங்கள் இன்னும் எங்களோடு இருந்தால் 'இருக்கிறேன்' என்று ஒரு சொல் பதில் போடுங்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் நான்தான். அதில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

எங்களுடையது ஒரு மென்பொருள் களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று எழுதிவைத்து வெளியிடப்பட்ட மென்பொருள்களை அதில் சேர்த்து வைக்கிறோம். மளிகைக் கடையில் மூட்டையாக வரும் பருப்பைப் புடைத்துப் பொட்டலம் போட்டு வைக்கிறார்கள் அல்லவா, அதுபோல ஒவ்வொரு மென்பொருளையும் யாரோ ஒருவர் எடுத்து, எங்கள் கணினிகளில் ஓடுகிற மாதிரி சரிசெய்து, கட்டி வைக்க வேண்டும். பொட்டலத்துக்கு எங்கள் பேச்சில் பேக்கேஜ் என்று பெயர், கட்டுகிறவர் பராமரிப்பாளர். மூல மென்பொருள் மாறினால் அவர் மறுபடி கட்ட வேண்டும். எங்காவது ஓட்டை இருப்பதாகத் தெரிந்தால் அடைக்க வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. அலுவலகம் போய்வந்து, துணி துவைத்து, மிச்சமிருக்கும் நேரத்தில் செய்வது.

கட்டுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை.

கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது இதற்குள் வந்தேன். ஒரு பேக்கேஜின் விளக்கக் குறிப்பில் தவறு இருந்தது, திருத்தி அனுப்பினேன். இரண்டு வருடத்தில் ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கடிதம் வந்தால் நான் பதில் எழுதுவேன். மற்றவர்கள் எழுதுவதில்லை.

அந்தப் பழக்கம் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் வந்தது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாவது படிக்கும்போதே தெருவில் எல்லா வீட்டு விண்ணப்பமும் என்னிடம்தான் வரும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, கேஸ் இணைப்பு மாற்ற, ஆதாரில் பிறந்த தேதி திருத்த. வாசலில் யாராவது கையில் காகிதத்தோடு நின்றால் அம்மா உள்ளே திரும்பிப் பார்த்து, "ஏய், உன்க்கு ஆள் வந்துகீது" என்பாள். அவள் குரலில் இருக்கும் மிடுக்கு எனக்குப் பிடிக்கும். அதனாலேயே நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது என்பதை அப்போது யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

களஞ்சியத்திலும் அப்படித்தான். இரண்டு முறை தொடர்ந்து 'இருக்கிறேன்' வராவிட்டால் அந்தப் பராமரிப்பாளரின் பேக்கேஜ்கள் ஆளில்லாப் பட்டியலுக்குப் போகும். பட்டியலை எல்லோரும் பார்க்கலாம், விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் இயங்குதளம். அதன் புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன் ஒரு நாள் குறிப்போம், அதைப் பூட்டு நாள் என்போம். அதற்குள் யாரும் எடுக்காதது, அல்லது எடுத்தும் சரியாக ஓடாதது, அந்தப் பதிப்பில் இருக்காது. பட்டியல் நீளமாக இருந்தால் எனக்கு அவமானமாக இருக்கும். நானே ஒன்றை எடுத்து என் பெயரில் போட்டுக்கொள்வேன். தற்காலிகமாக என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பட்டியல் எப்போதும் ஏறக்குறைய காலியாகவே இருந்தது. வேறு குழுக்களில் இருப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். நான் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன்.

போன வருடம், பூட்டு நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு புகார் வந்தது. தமிழ் எழுத்துகளை உரக்கப் படிக்கும் குரல் பேக்கேஜ் புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை. எழுதியவர் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்து, மதிய உணவு நேரத்தில் கூப்பிடச் சொல்லியிருந்தார். நான் வேலை பார்ப்பது மண்ணூர்பேட்டையில், கீழே லேத் பட்டறையும் மேலே எங்கள் அலுவலகமுமாக இருக்கும் ஒரு கட்டடத்தில். ஒரு மணிக்குப் பட்டறை நின்றால்தான் போனில் பேச முடியும். கூப்பிட்டேன்.

"யாரு, மெயிலுக்குப் பதில் போட்ட பொண்ணா?" என்றது ஒரு பெண் குரல். "இன்னாம்மா இது, புது சிஸ்டம்ல வாயே தொறக்க மாட்டேங்குது."

பூந்தமல்லி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி ஆபரேட்டர். பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. உள்ளே வரும் அழைப்புகளை யாருக்கு என்று கேட்டுத் திருப்பிவிடுவது, வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் கணினியில் பதிவது, பதிந்ததைத் தேடிச் சொல்வது எல்லாம் அவர்தான். திரையில் இருப்பதை எங்கள் குரல் படித்துக்காட்டும், அவர் கேட்டுக்கொண்டே தட்டுவார். அங்கே கணினி பார்ப்பவர் எங்கள் புதிய பதிப்பின் முன்னோட்டத்தை அவருடைய கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார். குரல் வரவில்லை. அடுத்த மாதம் எல்லாக் கணினிகளையும் புதிய பதிப்புக்கு மாற்றுவதாக உத்தரவு.

"அதுல வரலன்னா இன்னாக்கா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ணுவாங்க. மரியாதையா ஒரு சேர் போட்டு உக்கார வெப்பாங்க. இந்தக் குரல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் அப்டிதான் உக்காந்துகினு இருந்தேன். டீ வந்தா குடிக்கறது, மணி அடிச்சா ஊட்டுக்குப் போறது. யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல. அதாம்மா தாங்கல." பிறகு கேட்டார்: "நீ பாத்துச் சொல்றியா, இல்ல உனுக்கு மேல யாராவது கீறாங்களா?"

எனக்கு மேலே யாரும் இல்லை. நான் பார்க்கிறேன் என்றேன்.

குரல் பேக்கேஜுக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தார். எங்கள் குழுவில் மிக ஒழுங்கானவர் என்று நான் நினைத்திருந்தவர். முதல் தேதி நான் கடிதம் அனுப்பினால் முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும். வருடக் கடைசியில் எல்லோருக்கும் எழுதிய நன்றிக் கடிதத்தில், மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று அவர் பெயரைப் போட்டிருந்தேன். புகாரை அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நான்கு நாள் கழித்து நினைவூட்டினேன். பதில் இல்லை. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்தேன்.

அதற்குள் முதல் தேதி வந்தது. பத்து மணிக்கு வழக்கம்போலக் கடிதம் அனுப்பினேன். பத்து ஏழுக்கு அவரிடமிருந்து பதில்: 'இருக்கிறேன்.'

உடனே அவருக்குத் தனியாக எழுதினேன்: இருக்கிறீர்களா, நல்லது, குரல் பேக்கேஜைக் கொஞ்சம் அவசரமாகப் பாருங்கள். பதில் இல்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு அவருடைய பழைய பதில்களை எல்லாம் தேடி எடுத்தேன். போன முறை பத்து ஏழு. அதற்கு முந்தைய முறை நான் தாமதமாகப் பத்தே காலுக்கு அனுப்பியிருந்தேன். பதில் பத்து இருபத்திரண்டு. அதற்கு முன்பும் ஏழு நிமிடம். ஒவ்வொன்றிலும் அதே ஒரு சொல், அதே முற்றுப்புள்ளி. ஒன்றரை வருடமாக எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது அவர் இல்லை. என் கடிதம் வந்ததும் ஏழு நிமிடம் காத்திருந்து பதில் அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி, எங்கோ ஒரு கணினியில் ஓடவிட்டிருந்தார். அந்த ஏழு நிமிடம் எதற்கு என்று புரிந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மனிதர் எழுதிய மாதிரி இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்த ஏழு.

சாயங்காலம் வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, யாராவது இன்னாமாச்சும் சொன்னாங்களா?" என்றாள். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள்.

"எங்க லைன்ல ஒருத்தி இருந்தா. துப்பட்டாவ சேர் மேல போட்டுட்டு, மெஷின் லைட்ட எரியவுட்டுட்டு, பாத்ரூம்ல போயி குந்திக்குவா. சூப்பர்வைசர் தூரத்துலேர்ந்து எட்டிப் பாத்தா ஆள் கீறா மாரியே இருக்கும். எண்ணிகினு போய்டுவான்."

"அப்ப நான்தான் அந்த சூப்பர்வைசரா?"

"நான் சொல்லலம்மா. நீயே சொல்லிக்கினா நான் இன்னா பண்றது?" என்று வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

பூட்டு நாள் புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். எப்போதோ ஒரு கூட்டத்துக்காகக் கொடுத்த போன் எண் இருந்தது. கூப்பிட்டதும் எடுத்துவிட்டார், போனை எடுக்கிறவர் மின்னஞ்சலை மட்டும் ஏன் விட்டார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் "வீட்டுக்கு வாங்க" என்றார். பாரிவாக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. ஆவடி வரை ரயிலில் போய், பூந்தமல்லி பேருந்தில் ஏறி, கூட்டுச்சாலையில் இறங்கி, வெயிலில் நடந்தேன். என்னென்ன திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர்.

"வாங்க, வாங்க. தண்ணி குடிங்க மொதல்ல" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

அவர் மனைவி தண்ணீரோடு வந்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. "ஏனுங்க, எனக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கலாமில்ல? நான் எது கேட்டாலும் ஏழு நிமிசங்கழிச்சு சரின்னு சொல்ற மாதிரி" என்றார் கணவரைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமைத்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் பாதி அதில் போயிற்று.

"மொதல்ல எல்லாம் நானேதானுங்க பதில் போட்டேன்" என்றார் அவர். "அப்பறம் வேல மாறுச்சு. அப்பறம் இவ ஆஸ்பத்திரில இருந்தா. உங்க மெயில் வர்ற நேரத்துல மறந்தற வேண்டாம்னுதான் எழுதி வெச்சேன். ஒரு தடவைக்குத்தான். அப்பறம் அதுவே இருந்துருச்சு."

"விட்டுட்டுப் போறேன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே. நான் வேற ஆளைப் பார்த்திருப்பேன்."

"எழுதலாம்னுதானுங்க உக்காந்தேன். அன்னைக்குத்தான் உங்க நன்றிக் கடிதாசி வந்துச்சு. முன்மாதிரின்னு என் பேரு. அதப் படிச்சுப்போட்டு நான் இல்லைன்னு எப்படிங்க எழுதறது?" குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அதுவுமில்லாம உங்க மெயில்ல இருக்கறது ஒரே பதில்தானுங்களே. இருக்கிறேன்னு போடலாம், இல்லாட்டி சும்மா இருக்கலாம். சும்மா இருந்தா ஓடிப் போனவன் கணக்கா ஆயிரும்."

அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் நான்தான் எழுதினேன்.

"சரி, இந்த பேக்கேஜையும் என் பேர்ல போட்டுக்கறேன்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

"உங்க பேர்ல இப்ப எத்தன இருக்குதுங்க?"

"பத்தொன்பது."

"அதுல எத்தனைய நீங்க பாக்கறீங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். இந்த வருடம் நான் திறந்து பார்த்தவை மூன்று. மற்ற பதினாறையும் என் பெயரில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவற்றை வேறு யாரும் கேட்டு வரவில்லை. ஆளில்லாப் பட்டியல் காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். முதல் தேதி தோறும் நானும் 'இருக்கிறேன்' என்று போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கையால் தட்டினேன் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். களைப்பாக இருந்தது. வெயிலில் நடந்ததால் மட்டும் இல்லை.

"உங்க பேக்கேஜ் எழுதியிருக்கற நிரல் மொழி எனக்கு அவ்வளவா தெரியாது" என்றேன் கடைசியில். "நீங்க உக்காந்தாதான் உண்டு. புதன்கிழமை வரைக்கும் மட்டும். அப்புறம் நீங்க விட்டுடலாம். நானே எல்லாருக்கும் எழுதிடறேன், தப்பா எழுத மாட்டேன்." ஆபரேட்டர் அக்கா நாற்காலியைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியை எடுத்துவந்தார்.

ஒலியை வெளியே அனுப்பும் பகுதி புதிய பதிப்பில் மாறியிருந்தது. அவருடைய பேக்கேஜ் பழைய பகுதியைத் தேடிக்கொண்டிருந்தது. தேடியது கிடைக்காவிட்டால் பிழை காட்ட வேண்டும். காட்டவில்லை. நிறுவினால் நிறுவிக்கொண்டது, ஓடச் சொன்னால் ஓடியது, பேசத்தான் இல்லை. அதனால்தான் எங்கள் தானியங்கிச் சோதனைகளிலும் அது தேறியதாகப் பச்சையாகவே தெரிந்தது. மூன்று மணி நேரம் பார்த்து ஓரளவு கட்டி முடித்தார். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். அவர் மனைவி தக்காளிச் சாதம் போட்டார்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையில் புதிதாகக் கட்டியதைப் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

"வாய் தொறந்துச்சும்மா" என்றார். "ஆனா சைபர முழுங்குது. ரெண்டு சைபர் சேந்து வந்தா ஒண்ணுதான் சொல்லுது. ஃபர்ஸ்ட் எய்டு ரூம் எக்ஸ்டென்ஷன் நம்பர் ஐநூறு. கேன்டீன் ஐம்பது. அடிபட்டு கை கிழிஞ்சி வர்றவன கேன்டீனுக்கு அனுப்பிச்சா சாம்பார் ஊத்துவாங்க."

"ஐயோ அக்கா."

"ஐநூறு எனுக்கு மனப்பாடம், அது பரவால்ல. வெளியேர்ந்து வர்றவங்க போன் நம்பர எல்லாம் மனப்பாடம் பண்ண முடியுமா? அத்த சரி பண்ணச் சொல்லு."

பாரிவாக்கத்துக்காரரிடம் சொன்னேன். அவர் திங்கள் மாலை ஒருமுறை சரிசெய்தார், செவ்வாய் காலை ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அக்கா கேட்டுச் சொன்னார். முதல் முறை இரண்டாவது பூஜ்யம் வந்தது, ஆனால் விக்கலோடு வந்தது. இரண்டாவது முறை, "தேவல. வேல பாக்கலாம்" என்றார். புதன்கிழமை மதியம் குரல் பேக்கேஜ் புதிய பதிப்புக்குள் போனது. யாரும் கை தட்டவில்லை. கீழே லேத் மறுபடி ஓட ஆரம்பித்தது, நான் டப்பாவைக் கழுவப் போனேன்.

அன்று சாயங்காலம் குழுவுக்கு எழுதினேன். அவர் மூன்று வருடம் செய்த வேலையைச் சொல்லி, இனி அவர் இல்லை என்று எழுதினேன். அவருக்காகப் பதில் போட்ட நிரலைப் பற்றி எழுதவில்லை. குரல் பேக்கேஜை ஆளில்லாப் பட்டியலில் சேர்த்தேன். பிறகு என் பெயரில் இருந்த பதினாறையும் ஒவ்வொன்றாக எடுத்து அதே பட்டியலில் போட்டேன். ஒவ்வொன்றையும் போடும்போது வாசலில் காகிதத்தோடு நிற்கும் யாரையோ திருப்பி அனுப்புவது போல இருந்தது. பட்டியல் முதல் தடவையாகத் திரையை விட்டு இறங்கிக் கீழே போனது. நான் இரண்டு பக்கத்துக்குப் பெருமையாகப் பதில் எழுதி அனுப்பியிருந்த அந்த வேறு குழுக்காரர்களும் இதைப் பார்ப்பார்கள்.

பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஆட்கள் போதவில்லை என்று ஒரே வரியில் எழுதினேன்.

அடுத்த முதல் தேதி அனுப்பிய கடிதத்தில் இரண்டு சொற்கள் வைத்தேன். இருக்கிறேன், இல்லை. இரண்டில் எதைப் போட்டாலும் நன்றி என்று சேர்த்தேன். பதினொரு பேர் 'இல்லை' போட்டார்கள். அதில் ஏழெட்டுப் பேர் அதற்குக் கீழே நான்கைந்து வரி எழுதியிருந்தார்கள். ஒருவர், இதை எழுதத்தான் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். பட்டியலிலிருந்து இதுவரை ஐந்து பேக்கேஜ்களுக்கு ஆள் கிடைத்திருக்கிறது. மற்றவற்றில் சில அடுத்த பதிப்பில் இருக்காது. அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் எனக்குக் கோபமாக எழுதுகிறார்கள். படிக்கிறேன்.

குரல் பேக்கேஜை இப்போது நான் வைத்திருக்கிறேன். என் பெயரில் இருக்கும் நான்கில் அது ஒன்று. அந்த நிரல் மொழியைச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொள்கிறேன், மெதுவாகத்தான் வருகிறது. பாரிவாக்கத்துக்காரரிடம் சந்தேகம் கேட்டால் இரண்டு நாள் கழித்துப் பதில் வருகிறது, எழுத்துப் பிழைகளோடு. பேக்கேஜின் குறிப்பில், குரலைக் கேட்டுச் சொல்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைச் சேர்த்திருக்கிறோம். அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் தேதி கடிதம் இப்போது அவருக்கும் போகிறது.

இந்த முறை அந்தக் கடிதத்துக்கு அக்காவிடமிருந்து முதல் நாள் பதில் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது:

'இருக்கேன். மச்சினி கல்யாணம், லீவுல போயிட்டேன், இன்னிக்கித்தான் பாத்தேன். ரெண்டாவது சைபர்ல இன்னும் லேசா விக்கல் கீது.'

சனிக்கிழமை பார்க்கிறேன் அக்கா என்று பதில் எழுதினேன். முன்பென்றால் இதோ பார்க்கிறேன் என்று எழுதியிருப்பேன்.